புலியந்துறைக்குக் குடிபோன குழாய்

தை மாதம் பதினெட்டாம் தேதி விடிந்து பார்த்தபோது கோரைமங்கலத்துக்கு அடியில் எண்ணெய்க் குழாயைக் காணவில்லை.

இருபத்து நான்கு வருஷமாக எங்கள் வயல்களுக்குக் கீழே மார்பளவு ஆழத்தில் படுத்துக்கிடந்த குழாய் அது. அதற்குள் ஓடுகிற எண்ணெய் ஆறினால் நெய் மாதிரி உறைந்துவிடும் என்பதால் சூடாக்கித்தான் அனுப்புவார்கள். அந்தச் சூட்டில், மார்கழியிலும் தையிலும் ஊர் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்தாலும், குழாய் போகிற தடத்தில் மட்டும் பனி தங்காமல், பெண்பிள்ளைக்குத் தலைசீவி வகிடு எடுத்துவிட்ட மாதிரி ஒரு கோடு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கோட்டைக் காணோம். அறுவடை முடிந்த தாளும், தாளுக்கிடையில் இரண்டு இலை விட்டிருந்த உளுந்தும் ஒரே சீராக நனைந்து கிடந்தன. பால்காரர் முதலில் பார்த்தார், டீக்கடையில் வந்து சொன்னார், டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா, இல்லதான்" என்று திரும்பி வந்து, பாதியில் வைத்துவிட்டுப் போன டீயைக் குடித்து முடித்தார்கள்.

நாங்கள் ஆச்சரியப்படவில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஆற்றில் தண்ணீர் வரும் வரும் என்று சொல்லி வராமல் போனதையும், வராது என்று சொல்லிவிட்டு அடுப்படி வரைக்கும் வந்ததையும் பார்த்தவர்களுக்கு, ஒரு குழாய் எழுந்து போனது என்ன பெரிய சங்கதி. எங்களுக்கு முதலில் தோன்றியது வேறு. குழாய் போகிற தடத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து முப்பதடி அகலத்துக்கு மரம் வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது என்று இருபத்து நான்கு வருஷமாகத் தடை இருந்தது. குழாயே இல்லாதபோது தடை எதற்கு? வெயில் ஏறுவதற்குள் அந்த முப்பதடியில் தென்னங்கன்றுகள் முளைத்தன. ஒருவர் தேக்கு வைத்தார், ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குக் கால் ஊன்றினார், ஊராட்சித் தலைவர் முருகையன் மோட்டார் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டி மூன்று வரிசை செங்கல்லும் வைத்துவிட்டார். நானும் இரண்டு முருங்கைப் போத்து நட்டேன், மறைப்பானேன்.

எங்களில் முகம் வாடியிருந்தவர் பக்கிரிசாமி ஒருவர்தான், ஏனென்றால் குழாய்க்குக் காவல் நடக்கிற உத்தியோகம் அவருடையது. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கம்பு எடுத்துக்கொண்டு, பன்னிரண்டாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து இருபத்தோராவது கல் வரைக்கும் தினமும் நடக்க வேண்டும். யாராவது தோண்டுகிறார்களா, மண் உள்வாங்கியிருக்கிறதா, தண்ணீரில் எண்ணெய் மினுக்குகிறதா, புல் காரணமில்லாமல் கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு கருவி இருக்கும், அது ஆள் எங்கே நடக்கிறான் என்பதைக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் கால் சுளுக்கிக்கொண்டதிலிருந்து, பக்கிரிசாமிக்குப் பதிலாக அவர் மகள் அறிவுக்கொடிதான் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்துவந்தாள் என்பது வேறு விஷயம். சுளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்பது இன்னொரு விஷயம். ஊருக்கெல்லாம் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. பக்கிரிசாமி டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், கம்பெனிக் கம்ப்யூட்டரில் பக்கிரிசாமி என்கிற புள்ளி வெயிலிலும் மழையிலும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் புள்ளிக்கு இரண்டு தடவை சிறந்த ஊழியர் சான்றிதழ் கொடுத்தார்கள், இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

தை பதினான்காம் தேதி கொடிக்குக் கல்யாணம் ஆகி, வடிகால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புலியந்துறைக்கு, அறுவடை மெஷின் ஓட்டுகிற புகழேந்திக்கு மனைவியாகப் போய்விட்டாள். கல்யாண வேலையில் பக்கிரிசாமி கருவியைப் பால்காரர் வண்டியில் கட்டிவிட்டிருந்தார். புள்ளி மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நடந்தது, அதையும் யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆல்பின் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். நாகர்கோவில்காரர். குழாய் எங்கே துருப்பிடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்து, ஒழுகுவதற்கு முன்னாலேயே கட்டுப்போடுவது அவர் வேலை. ஒழுகிய பிறகு வருகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்களோடு போலீசும் டிவியும் வரும். ஆல்பின் சார் வந்தால் டீச்செலவோடு போய்விடும் என்பதால் எங்களுக்கு அவரைப் பிடிக்கும். அவர் முருகையனின் செங்கல்லைப் பார்த்தார், என் முருங்கையைப் பார்த்தார், ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்து வைத்தார். குழாய்க்கு நேரக்கூடியவை என்று அதில் பதினோரு வகை அச்சிட்டிருந்தது. துரு, பள்ளம், விரிசல், மண் அரிப்பு, திருட்டு என்று வரிசையாக இருந்ததே தவிர, எழுந்து போதல் என்று ஒன்று இல்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'பிற' என்பதற்கு நேரே ஒரு டிக் அடித்தார்.

"தலைவரே, குழாய் போனதுகூட எனக்குப் பெரிசில்ல," என்றார் முருகையனிடம். "மார்கழியில குழாய்க்கு உள்ள ஒரு மெஷின் விட்டுப் பாத்தோம். பதினாலாவது கிலோமீட்டர் தாண்டி முந்நூத்தி எண்பது மீட்டர்ல துரு தின்னு தின்னு அப்பளம் கனத்துக்கு வந்தாச்சு. இன்னும் ஒம்பது நாளைக்குள்ள அந்த எடத்தத் தோண்டிக் கட்டுப் போடணும். போடல்லேன்னா பிச்சிட்டு அடிக்கும். இப்ப அந்த எடம் எங்க கெடக்குன்னே தெரியல்ல."

"எண்ணெய நிறுத்திப்புடுங்களேன்."

"நிறுத்தினா உள்ளயே ஒறஞ்சிரும். முப்பத்தோரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தி. அத யாரு உக்காந்து சொரண்டுகது?"

"அடிச்சா என்னா ஆவும்?"

"உங்க உளுந்து போகும். மூணு போகத்துக்கு அந்த மண்ணுல ஒண்ணும் மொளைக்காது. பக்கத்துல நெருப்பு இருந்தா, பெறகு மண்ணப் பத்தி பேச ஆளு இருக்காது."

அதற்குப் பிறகுதான் நாங்கள் குழாயைத் தேட ஆரம்பித்தோம். ஆல்பின் சார் ஒரு கருவியை வைத்திருந்தார். தடியின் நுனியில் தட்டு, கையில் பிடிக்கிற இடத்தில் ஒரு முள். அடியில் குழாய் இருந்தால் கீங் கீங் என்று கத்தும். பதின்மூன்றாவது கல் வரைக்கும் ஒழுங்காகக் கத்தியது. அங்கிருந்து தெற்கே திரும்பியது, வரப்பைத் தாண்டியது, வடிகால் ஆற்றுக்கு அடியில் புகுந்தது, அக்கரையில் ஏறிப் புலியந்துறைக்குள் போனது, ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பதினேழாவது கல்லில் எப்போதும் போலச் சேர்ந்துகொண்டது. அவ்வளவு தூரம் வளைந்தால் குழாயின் நீளம் கூடியிருக்க வேண்டும். மீட்டரில் ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. அதையும் 'பிற' என்பதில் எழுதிக்கொண்டார்.

புலியந்துறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழாய் எங்கள் ஊர் வழியாகப் போனதால் கம்பெனி எங்களுக்கு ஒரு சமுதாயக் கூடமும் குடிதண்ணீர் மெஷினும் கட்டிக்கொடுத்திருந்தது; அதை அவர்கள் இருபத்து நான்கு வருஷமாக ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது குழாய் தன் காலால் நடந்து அவர்களிடம் போயிருக்கிறது. 'தானாக வந்த குழாயே, வருக வருக' என்று அன்றைக்கே பேனர் கட்டிவிட்டார்கள், அதில் குழாயின் படம் கிடைக்காமல் ரயில் படத்தைப் போட்டிருந்தார்கள். பனி தங்காத கோடு இப்போது அவர்கள் தெருவில் ஓடியது. அந்தக் கோட்டின் மேல் கோழிகள் முட்டையிட்டன, பூனை குட்டிகளைக் கொண்டுவந்து போட்டது, முதுகுவலிக்காரர்கள் காலையில் வரிசையாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். பெண்கள் வடகம் காயவைத்தார்கள், தை மாதக் குளிரிலும் இட்லி மாவு புளித்துப் பொங்குகிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

கருவியைப் பிடித்துக்கொண்டு ஆல்பின் சார் பதின்மூன்றாவது கல்லிலிருந்து ஆயிரத்து முந்நூற்று எண்பது மீட்டரை அளந்துகொண்டே போனார், நாங்கள் பின்னாலேயே போனோம். அளந்த இடம் புகழேந்தி வீட்டுக் கொல்லைக்குள் போய் முடிந்தது. அங்கே புகழேந்தியின் அம்மா தையநாயகி விறகடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பளம் கனத்துக்கு வந்துவிட்ட அந்த இடம், சரியாக அடுப்புக்கு அடியில் இருந்தது. ஆல்பின் சார் அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அந்த அடுப்ப அணையுங்க."

"இப்பத்தான் தம்பி பத்த வெச்சேன்."

"அடியில எண்ணெய் ஓடுது."

"தெரியுமே. அதான் சீக்கிரமா கொதிக்குது."

அடுப்பை நாங்களே தண்ணீர் ஊற்றி அணைத்தோம். தையநாயகி எங்களைத் திட்டிய திட்டில் பாதி கம்பெனிக்கு, பாதி கோரைமங்கலத்துக்கு. கொல்லை வாசலில் புதுத் தாலியும் புதுப் புடவையுமாகக் கொடி நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கிரிசாமி மட்டும், "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அன்று மாலை சமுதாயக் கூடத்தில் கூடினோம். காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவர் வீட்டை விட்டுப் போய்ப் பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"யோவ் பக்கிரி, வீட்டுல கல்யாணம் வெச்சியே, குழாய்க்குப் பத்திரிகை வெச்சியாய்யா?" என்று முருகையன் கேட்டார்.

"குழாய்க்கெல்லாம் வெக்கணும்னு யாருங்க கண்டா?"

"பத்தொம்போது வருசமா அது போட்ட சோத்தத் தின்னுருக்க. கெழக்குத் தெருவுல உன்னோட பேச்சுவார்த்தையே இல்லாதவன் வீட்டுக்கெல்லாம் தேடிப் போயி வெச்ச. அதுக்கு ஒரு வாய்வார்த்தை சொல்லியிருக்க வேணாமா? மனத்தாங்கல் வருமா வராதா?"

வரும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். எல்லாருக்கும் அப்படி ஒரு கல்யாணமாவது நினைவுக்கு வந்தது. முறைப்படி தட்டு எடுத்துப்போய்ச் சமாதானம் செய்து அழைத்துவருவது என்று முடிவானது. குழாய்க்கு வேட்டி எடுக்கப் போன இடத்தில் என்ன கரை என்று தகராறு வந்து, குழாய் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாததால் கரையில்லாத வேட்டியாக எடுத்தோம். இருபத்தோரு தட்டு, பழம், பாக்கு வெற்றிலை, சர்க்கரை, கல்கண்டு. கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிறவரைக் கூட்டிக்கொண்டோம். மறுநாள் காலை வெயிலில் மூங்கில் பாலத்தைக் கடந்து தையநாயகி வீட்டுக் கொல்லைக்குப் போய், தட்டுகளை அணைந்த அடுப்பைச் சுற்றி வரிசையாக வைத்தோம். பக்கிரிசாமி கல்யாணப் பத்திரிகையைப் பிரித்து, முடிந்துபோன முகூர்த்த நேரம் உட்பட முழுசாகப் படித்துவிட்டு, "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியிருக்க வேணும், என் மேலதான் தப்பு" என்று சொல்லித் தரையில் விழுந்து கும்பிட்டார். வயசான மனுஷன் அப்படி விழுந்ததைப் பார்க்க எனக்கே கண் கலங்கிவிட்டது. கொடி கொல்லை வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் அசையவில்லை. மறுநாள் விடிந்தபோது முன்னைவிட மோசம்; பனி தங்காத கோடு கொல்லையோடு நிற்காமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் கோலத்துக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது. கல்கண்டு குறைச்சல் என்று சிலர் சொன்னார்கள். வேட்டியில் கரை இருந்திருக்க வேண்டும் என்று முருகையன் சொன்னார். ஆல்பின் சார் தோண்டச் சொன்ன இடத்திலெல்லாம், தோண்டி முடிப்பதற்குள் குழாய் நகர்ந்திருந்தது; இப்படியே பேசிப்பேசி நான்கு நாள் போனது. எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தவரைக்கும் குறைத்தாகிவிட்டது என்றும், மெலிந்த இடம் இன்னும் மெலிந்துவிட்டது என்றும், இனி நான்கே நாள் இருக்கிறது என்றும் ஆல்பின் சார் சொன்னார். முகச்சவரம் செய்துகொள்ளக்கூட மறந்திருந்தார். அந்தத் தெருவையே காலிசெய்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அடிக்கிறபோது அடிக்கட்டும் என்று விடுவதைத் தவிர வழியில்லை, வீடு போய்விடும் என்றார். தையநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு, "நான் வர மாட்டேன், எம்மேலேயே அடிக்கட்டும்" என்றாள்.

அப்போது கொடி குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லையிலிருந்து வாசல் பக்கம் இருக்கிற அடிபம்புக்கு நடந்தாள். ஆல்பின் சார் கையில் பிடித்திருந்த கருவி கத்தியது. அவர் நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் முன்னால் குழாய் கிடையாது. கொடி பம்பில் தண்ணீர் அடித்தாள். கருவி பம்புப் பக்கம் திரும்பிக் கத்தியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனாள், சத்தம் அவள் பின்னாலேயே போனது. ஆல்பின் சார் கருவியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார், நாங்கள் எல்லாரும் அவர் பின்னால் போனோம். அவள் நின்றாள், சத்தமும் நகராமல் அங்கேயே கத்தியது. இரண்டு அடி இடதுபக்கம் எடுத்து வைத்தாள், முள் இடதுபக்கம் சாய்ந்தது.

"இந்த அம்மா யாரு?" என்று ஆல்பின் சார் கேட்டார்.

கோரைமங்கலத்துக்காரர்கள் எல்லாரும் தையநாயகி வீட்டு மாமரத்தில் எத்தனை பூ விட்டிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். பதில் சொல்ல வேண்டியவர் பக்கிரிசாமி. சொன்னால் உத்தியோகம் போகும், கூடத்தில் மாட்டியிருக்கிற இரண்டு சட்டமும் போகும், புதுச் சம்பந்தி வீட்டு வாசலில் மானம் போகும். சொல்லாவிட்டால் அப்பளம் கனத்துக்கு இருக்கிற அந்த இடம் அவர் மகளின் காலடியிலேயே கிடக்கும். அவர் மகளின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புது மெட்டி போட்டிருந்தாள்.

"எம் பொண்ணு சார்," என்றார். இன்னொரு தரம் சொன்னார். "எம் பொண்ணு. ஆறு வருசமா நான் நடக்கல சார். இவதான் நடந்தா. நடக்கறது யார் காலுன்னு குழாய்க்குத் தெரிஞ்சிருக்கு சார். நாங்க ஒரு ஊரே சேந்துக்கிட்டு என்னக் கொண்டாந்து கும்பிட வெச்சோம்."

ஆறு வருஷமாக அந்தப் பெண் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வரப்பில் போனதை நாங்கள் தினமும் பார்த்தோம். அப்பாவுக்கு ஒத்தாசை என்று சொன்னோம். அதை வேலை என்று நினைக்க எங்கள் யாருக்கும் வராமல் போனது, குழாய்க்கு மட்டும் வந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா, குழாய் இங்க வந்தது?" என்றார் ஆல்பின் சார்.

"வந்த அன்னைக்கே தெரியும் சார்."

"ஏன் சொல்லல்ல?"

"யாரும் கேக்கல." பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் அது இருக்கட்டும்னுதான் இருந்துச்சு. புது ஊரு. எனக்குத் தெரிஞ்சவங்கன்னு இங்க யாரும் இல்ல. தெனம் கல்லுக்குக் கல்லு கம்பால தட்டி அதுக்கிட்ட ஏதாவது சொல்லிக்கிட்டேதான் போவேன். கல்யாணத்துக்கு மாட்டுக்கிட்டகூட சொல்லிட்டு வந்தேன், அதுக்கிட்ட மட்டும் சொல்லிக்காம வந்துட்டேன்."

"மெலிஞ்ச எடம்..."

"மூணு வருசமா சொல்லுறேன் சார், பதினாலு தாண்டுனதும் ஒரு எடத்துல தட்டுனா ஓட்டப் பானையத் தட்டுனாப்புல வருதுன்னு. அப்பாக்கிட்ட சொன்னேன். அப்பா டீக்கடையில சொன்னாரு."

"டீக்கடையிலேருந்து எங்களுக்கு யாரும் எழுதல்லியே," என்றார் ஆல்பின் சார், கோபமில்லாமல். "அம்மா, நீ நடந்து இத பழைய தடத்துக்குக் கூட்டிட்டு வர முடியுமா?"

"முடியும். ஆனா அப்பா பேருல இனிமே நடக்க மாட்டேன். எம் பேருல நடப்பேன்."

தையநாயகிக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. "கல்யாணமாயி பத்து நாள்கூட ஆவல. தாலி பிரிச்சுக் கோக்கறதுக்குள்ள மருமவ கம்பத் தூக்கிக்கிட்டு வயக்காடெல்லாம் நடந்தா ஊரு என்னா பேசும்?"

"நடக்கலன்னா பேசறதுக்கு ஊரு இருக்காது அத்த," என்றாள் கொடி.

தையநாயகி அணைந்த அடுப்பைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், வாசலில் பிரித்துப் போட்டு இன்னும் கட்டு கட்டாமல் கிடந்த மகன் கல்யாணப் பந்தல் கீற்றைப் பார்த்தாள். "தனியா அனுப்ப முடியாது. நானும் வருவேன்" என்று உள்ளே போய்க் குடையை எடுத்துவந்தாள்.

ஆல்பின் சார் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். காவல் நடக்கிற ஆளுக்கு மூன்று வருஷ அனுபவம் வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் விதியைப் படித்தார்கள். ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது, இரண்டு சான்றிதழ் இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது என்று இவர் சொன்னார். நடந்த புள்ளி யாரோ அவர்தான் ஊழியர் என்று கடைசியில் அந்தப் பக்கம் ஒத்துக்கொண்டது; அவர்களுக்குப் பக்கிரிசாமியைவிடப் புள்ளியைத்தான் நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை அவள் புடவைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். பின்னால் குடையோடு தையநாயகி, அதற்குப் பின்னால் கருவியோடு ஆல்பின் சார், அதற்குப் பின்னால் இரண்டு ஊரும். கொடி பத்தடிக்கு ஒரு தரம் கம்பால் தரையைத் தட்டினாள், வாய்க்குள் ஏதோ சொன்னாள், மாமியார் வீட்டில் காப்பி எப்படிப் போடுகிறார்கள் என்பது மாதிரி என்னவோ காதில் விழுந்தது. தரை லேசாகப் புரண்டு கொடுத்தது. கோழிகள் எழுந்து தள்ளி உட்கார்ந்தன, முதுகுவலிக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்கள், பேனர் கட்டியவர்கள் 'வருக' என்பதை அப்படியே விட்டுவிட்டு வழியனுப்ப வந்தார்கள். ஆற்றில் அவள் மூங்கில் பாலத்தின் மேல் போனாள், குழாய் கீழே போனது. கோரைமங்கலத்து எல்லை வந்ததும் எங்களுக்குத்தான் அவசரம். அவளுக்கு முன்னால் ஓடித் தென்னங்கன்றுகளைப் பிடுங்கினோம், மாட்டைக் கொட்டகையோடு நகர்த்தினோம், நான் என் முருங்கையைப் பிடுங்கிப் பின்பக்கம் மறைத்துக்கொண்டேன். முருகையனின் அஸ்திவாரத்துக்கு வந்ததும் கொடி நின்றாள். தட்டவில்லை, பேசவில்லை, அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். மூன்று வரிசை செங்கல்லையும் ஊராட்சித் தலைவர் தன் தலையில் சுமந்து அப்புறப்படுத்தினார். தையநாயகி குடையைச் சாய்த்துக்கொண்டு, "அந்த ஓரத்துல ரெண்டு கெடக்கு பாருங்க" என்று காட்டிக்கொடுத்தாள்.

பழைய தடத்தில், பதினான்காவது கல்லைத் தாண்டி முந்நூற்று எண்பதாவது மீட்டரில் தோண்டுகிற மெஷின் தயாராக நின்றது. தோண்டினார்கள். மேல்பூச்சைச் சுரண்டியபோது உள்ளே இரும்பு வெற்றிலை மாதிரி நெளிந்தது. எண்ணெய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாதி வளையங்களைக் குழாயைச் சுற்றிப் பூட்டி, ஓரங்களை, இரும்பு கனமாக இருக்கிற இடமாகப் பார்த்து, வெல்டிங்கால் ஒட்டவைத்தார்கள். வெல்டிங் வைக்கிற தம்பி முடிக்கிற வரைக்கும் இரண்டு ஊரும் மூச்சுவிடாமல் நின்றது. எல்லாம் ஆறிய பிறகு கொடி பள்ளத்துக்குள் இறங்கி, வளையத்தின் மேல் கம்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"சரியாயிட்டு சார்," என்றாள்.

மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு ஆல்பின் சாரும் அதையேதான் எழுதினார். இருபத்தோராவது கல்லுக்குப் போய், அவள் தொட்டுத் தட்டி, "போயிட்டு நாளைக்குக் காலையில வரேன்" என்று சொல்லிவிட்டு மாமியாரோடு பாலத்தைக் கடந்து போனாள். குழாய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சொல்லிக்கொண்டு போயிருந்தால் முதலிலேயே கிடந்திருக்கும் என்று முருகையன் சொன்னார், இந்தத் தடவை அவர் சொன்னது சரி.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. பழைய ஆள் புது ஆளைக் கூட்டிக்கொண்டு ஒரு தரம் தடம் முழுவதும் நடந்து காட்டி, கடைசிக் கல்லில் வைத்துப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாசி முதல் தேதி பக்கிரிசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பன்னிரண்டாவது கல்லுக்கு வந்தார். கொடியோடு தையநாயகியும் குடையோடு வந்திருந்தாள். அவர் காலத்தில் அவர் நடக்க வேண்டியது மூன்று கிலோமீட்டர்தான். கம்பெனி பக்கத்து ஆளை நிறுத்திவிட்டு அவன் தூரத்தையும் இவர் தலையில் கட்டிய மாதம்தான் கால் சுளுக்கியது. பதினைந்தாவது கல்லுக்கு அப்பால் அவர் போனதே இல்லை.

பதினாறில் மூச்சு வாங்கினார். பதினேழில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பதினெட்டில் சேறு, முழங்கால் வரைக்கும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. கொடி எங்கே கால் வைக்க வேண்டும் என்று பார்க்காமலே கால் வைத்து ஏறினாள். அந்தக் கல்லில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்குப்பா."

"தெனமுமா நடந்த?"

"தெனமுந்தான்."

"மழையிலயுமா?"

"மழையிலதாம்பா முக்கியமா பாக்கணும். மண்ண அரிச்சுக்கிட்டுப் போயிரும்."

பக்கிரிசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தையநாயகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். "எந்திரிங்க சம்பந்தி, வெயிலு ஏறுது" என்றாள். அவர் எழுந்து, மகள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, மிச்ச தூரத்தையும் நடந்தார்.

இருபத்தோராவது கல்லில் ஆல்பின் சார் படிவத்தோடு நின்றிருந்தார். அதில் இரண்டு கட்டம் இருந்தது. இடதுபக்கம் 'கற்றுக்கொடுத்தவர்', வலதுபக்கம் 'கற்றுக்கொண்டவர்'. பக்கிரிசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தார், பேனாவை வாங்கி, வலதுபக்கக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். கொடி பேனாவை வாங்கி, இடதுபக்கத்தில் மிச்சமிருந்த கட்டத்தில் அறிவுக்கொடி என்று முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.